புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூர்

ஜெர்மனி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன பெர்லின், மியூனிக், ஹாம்பர்க் முதலிய பெருநகரங்களே. கல்வி கற்கவும் தொழில் பயிலவும் அங்குச் செல்லும் நம் இளைஞர்களும் பெரும்பாலும் அந்நகரங்களையே கண்டு திரும்புகின்றனர். ஆயினும், ஒரு நாட்டின் வாழ்வை அறிய விரும்புவோர் அதன் சிற்றூர் ஒன்றிலேனும் ஒரு பகற்பொழுதைக் கழித்தல் வேண்டும். அவ்வாறு நான் கழித்த ஊர் புல்ஸ்நிட்ஸ். தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து வளர்ந்த என் மகளும் என்னுடன் வந்திருந்தாள். அவள் தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்குவாள். நம் சங்கத்து அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சாக்சனி மாநிலத்தின் தலைநகரான டிரெஸ்டனிலிருந்து காமென்ஸ் செல்லும் சிறிய இரயிலில் ஏறினால், ஒரு மணி நேரத்திற்குள் புல்ஸ்நிட்ஸை அடையலாம். ஏறத்தாழ 7,500 மக்கள் வாழும் ஊர் அது. ஆற்றின் பெயரே ஊரின் பெயரும் ஆயிற்று. ஆறு என்று சொன்னாலும் நம் கண்ணுக்கு அஃது ஓர் ஓடையே. அவ்வோடைதான் பல நூற்றாண்டுகள் இரு நாடுகளின் எல்லையாக விளங்கியது! ஒரு கரை மைசென் நாட்டைச் சேர்ந்தது. மறுகரை மேல் லௌசிட்ஸ் நாட்டைச் சேர்ந்தது. போகீமிய மன்னர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மேல் லௌசிட்ஸ் 1635இல் சாக்சனியின் கைக்கு வந்தது. 1225ஆம் ஆண்டு ஆவணத்தில் முதன்முதல் பேசப்படும் இவ்வூர், 1375இல் நகர உரிமை பெற்றது. 1949 முதல் 1990 வரை கிழக்கு ஜெர்மனியின் பகுதியாக இருந்தது. ஆட்சிகள் மாறின, எல்லைகள் மாறின, ஊர் மாறாது நின்றது.

ஊரின் பெயர் ஸ்லாவிய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியினத்தைச் சேர்ந்த சோர்பிய மக்கள் இன்றும் அண்மையிலுள்ள பௌட்சன், காமென்ஸ் வட்டாரங்களில் வாழ்கின்றனர். நாற்புறமும் ஜெர்மன் மொழி சூழ்ந்திருக்க, அவர்கள் தம் மொழியில் பள்ளி நடத்துகின்றனர், நாளிதழும் வெளியிடுகின்றனர். தெருப் பலகைகளில் இரு மொழிகளும் எழுதப்பட்டிருக்கின்றன.

நாங்கள் சென்றது நவம்பர்த் தொடக்கம். ஊரின் நடுவே சந்தைச் சதுக்கம். அதனருகே பழைய நகர மன்றம். சற்று அப்பால் புனித நிக்கோலசின் பெயர் தாங்கிய தேவாலயம். 15ஆம் நூற்றாண்டில் ஹுஸ்ஸைட் போர்கள் மூண்ட காலத்தில் எழுந்த ‘பெர்ஃபெர்ட்’ என்னும் சிறிய காவற்கட்டடமும் அழியாது நிற்கின்றது. பிரபுக்கள் வாழ்ந்த மாளிகையோ இன்று நோயுற்றோர் உடல் தேறும் மருத்துவமனையாகப் பயன்படுகின்றது.

சதுக்கத்தில் சிலையாக நிற்பவர் எர்ன்ஸ்ட் ரீட்ஷல் என்னும் சிற்பி. கையுறை தைக்கும் ஏழைத் தொழிலாளியின் மகனாக 1804இல் இவ்வூரிற் பிறந்தவர். வைமர் நகரில் கவிஞர் கெதேயும் ஷில்லரும் இணைந்து நிற்கும் புகழ்பெற்ற சிலையை 1857இல் படைத்தவர் இவரே. பிறருக்குச் சிலை வடித்தவருக்கு அவர் பிறந்த ஊர் சிலை எடுத்தது பொருத்தமே அன்றோ?

இவ்வூரின் பழந்தொழில்களுள் ஒன்று நீல அச்சு. மரத்தால் ஆன அச்சில் ஒருவகைக் களிம்பைத் தோய்த்து வெண்துணியிற் பதிப்பர். பின்னர்த் துணியை அவுரிச் சாயத் தொட்டியில் அமிழ்த்துவர். வெளியே எடுக்கும்போது அது மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டதும் நீலமாகும். களிம்பைக் கழுவி நீக்கினால், அது மூடியிருந்த இடமெல்லாம் வெண்பூக்களாக மலரும். பண்டு அந்நாட்டார் தம் நிலத்தில் விளைந்த வேறொரு செடியிலிருந்தே நீலம் எடுத்து வந்தனர். இந்திய அவுரி கப்பலில் வந்திறங்கிய பின்னர், அதனோடு போட்டியிட அச்செடியால் இயலவில்லை. 1897இல் ஆலையில் செய்த செயற்கை அவுரி விற்பனைக்கு வர, நம் அவுரியும் சந்தையை இழந்தது. இத்தொழிலை ஐரோப்பிய நாடுகள் ஐந்தின் பொது மரபாக யுனெஸ்கோ 2018இல் பட்டியலிற் சேர்த்தது.

நம் நாட்டு நீலம் அவ்வூருக்குச் சென்றது போலவே, அவ்வூரார் ஒருவர் நம் நாட்டுக்கு வந்தார். அவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு. தானிய வணிகர் ஒருவரின் மகனாக 1682இல் புல்ஸ்நிட்ஸிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, காமென்சிலும் கோர்லிட்சிலும் கற்று, பின்னர் ஹாலேயிலும் சிறிது காலம் பயின்றவர். டென்மார்க் மன்னர் அனுப்ப, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் கற்றே தீர வேண்டும் என்று உணர்ந்தவர், திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்தார். சிறுபிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தார்.

இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிவிட்டார். 1708இல் அவற்றுக்குக் குறிப்புகளுடன் ஒரு பட்டியலும் எழுதினார். அப்பட்டியலில் திருக்குறளும் இடம் பெற்றது. டேனிய அதிகாரி ஒருவரே அவரை நான்கு திங்கள் சிறையில் வைத்த காலமும் உண்டு. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதிய நூலை அச்சிட அவரை அனுப்பியோர் விரும்பவில்லை. அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. 1719இல், 36 வயதிலேயே காலமாகி, தரங்கம்பாடியில் தாம் எழுப்பிய தேவாலயத்தில் அடக்கமானார். சமயம் பரப்ப வந்தவர் அவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. வந்த இடத்தில் மொழியைக் கற்றார். கற்ற பின்னர் அதன் செல்வத்தை மதித்தார் என்பதே நாம் நினைக்கத் தக்கது.

இவ்வரலாற்றை நான் சொல்லி முடித்ததும் என் மகள் கேட்டாள்: “அவருக்குத் தமிழால் ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது, கற்றார். எனக்கு அதனால் ஆக வேண்டிய வேலை என்ன, அப்பா?”

அவள் குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். எனக்கு உடனே விடை தோன்றவில்லை.

பேச்சை மாற்றுவான் வேண்டி, அவளை மிளகப்பக் கடைக்கு அழைத்துச் சென்றேன். புல்ஸ்நிட்ஸின் பெயரை நாடெங்கும் பரப்பியது இந்த அப்பமே. 1558இல் இதனைச் சுடும் உரிமையை இவ்வூர் ரொட்டிக்காரர்கள் பெற்றனர். பெயரில் மிளகு இருப்பினும் அப்பத்தில் மிளகு இல்லை. கீழ்த்திசையிலிருந்து வந்த நறுமணப் பொருள் அனைத்தையும் அக்காலத்தார் ‘மிளகு’ என்றே வழங்கினர். இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம், சோம்பு, கொத்துமல்லி ஆகியவற்றின் மணம் தெருவிலேயே எதிர்கொண்டது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாற் போன்றிருந்தது.

ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் மிளகப்பச் சந்தைக்காகச் சதுக்கம் நிறையக் கடைகள் விரிந்திருந்தன. போட்டித் தொழிலினர் ஆயினும் அப்பம் சுடுவோர் அருகருகே நின்று விற்றனர். வழிவழியாகக் குடும்பங்களே நடத்தி வரும் தொழில் அது. தீயணைப்புப் படையினரும் அவ்வூரில் ஊதியம் பெறாத தொண்டர்களே. தமக்கென ஒரு சங்கம் அமைத்துக் கூடிப் பணி செய்தல் ஜெர்மானியச் சிற்றூர்களின் இயல்பு.

அப்பம் செய்யும் முறையைக் கடைக்காரப் பெரியவர் விளக்கினார். தேனையோ வெல்லப்பாகு போன்ற பாகையோ காய்ச்சி மாவுடன் பிசைவர். பாலும் முட்டையும் கொழுப்பும் சேர்ப்பதில்லை. பிசைந்த மாவை உடனே சுடுவதும் இல்லை. தொட்டியில் இட்டு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், குளிர்ந்த அறையில் உறங்க விடுவர். கல்லைப் போல் இறுகிய அதனை மீண்டும் பிசைந்து, நறுமணப் பொருளும் உப்பியெழச் செய்யும் உப்புகளும் கூட்டி, அதன் பின்னரே அடுப்பில் ஏற்றுவர்.

“கிறிஸ்துமசுக்கு அப்பம் வேண்டுமானால் எப்போது பிசைவீர்கள்?” என்று என் மகள் கேட்டாள்.

“கிறிஸ்துமஸை எவரும் நினையாத கோடையிலேயே பிசைந்து வைப்பதுண்டு. வேண்டும் நாளில் தொடங்கினால் வேண்டிய அப்பம் கிடைக்காது, குழந்தாய்,” என்றார் அவர்.

நான் தேடிய விடை அதுவே. ஆனால் அதனை எடுத்துச் சொல்லி அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரயிலில் திரும்பும்போது ஓர் அப்பத்தைப் பிட்டு இருவரும் உண்டோம். நெடுநேரம் சாளரத்தின் வழியே பார்த்திருந்தவள், “தரங்கம்பாடியில் அந்தக் கோயில் இன்னும் இருக்கிறதா?” என்றாள். இருக்கிறது என்றேன். “அடுத்த விடுமுறையில் போவோம். அங்கே எழுதியிருப்பதை நானே படிக்கப் பார்க்கிறேன்,” என்றாள்.

விடுமுறைக்கு இன்னும் ஐந்து திங்கள் உள்ளன. மாவு பிசைந்தாயிற்று. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்போது ஒரு மாணவி கூடியிருக்கிறாள்.