பிரேக் டிஸ்க்: தேய்வதற்கென்றே ஒரு பொருள்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரிடம் காரைப் பற்றிக் கேட்டால் குதிரைத்திறன் சொல்வார். 100 கி.மீ. வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்று சொல்வார். பிரேக் டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று கேட்டால் கொஞ்சம் முழிப்பார். அதே ஆள் இரண்டு முறை ரேஸ் டிராக்கில் ஓட்டிவிட்டு வரட்டும், கதையே மாறிவிடும். குதிரைத்திறனை விட்டுவிட்டு டிஸ்கைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்.

டிஸ்க் அல்லது ரோட்டார் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டத் தட்டு. பைக்கின் முன்சக்கரத்தில் எல்லோரும் பார்த்ததுதான். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடுகள் வந்து அதைக் கவ்வும். காரின் வேகம் வெப்பமாக மாறும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை முதலில் வாங்கிக்கொள்வது டிஸ்க்தான்.

எவ்வளவு வெப்பம்? ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கை எடுத்துக்கொள்வோம். அதன் வடக்குச் சுற்று ஒன்று 20.8 கி.மீ. அதில் ஷ்வேடன்க்ராய்ட்ஸ் என்ற அதிவேக வளைவு முடிந்ததும் ஆரம்பெர்க் என்ற இறுக்கமான வலது வளைவு வரும். ஓட்டுநரோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள போர்ஷே 911 ஜிடி3, அங்கே 250 கி.மீ. வேகத்தில் வந்து 100-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட இயற்பியல் சூத்திரமே போதும். சுமார் 30 லட்சம் ஜூல் வருகிறது. 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. கேஸ் அடுப்பில் அரை மணி நேர வேலை. இங்கே நாலைந்து விநாடியில் முடிகிறது.

நிறுத்தும் வேலையில் முன்சக்கரங்களுக்கே பெரும்பங்கு. 10 கிலோ எடையுள்ள முன்டிஸ்க் ஒன்று மொத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கை வாங்கினால், அந்த ஒரே பிரேக்கில் அதன் சூடு ஏறக்குறைய 200 டிகிரி ஏறிவிடும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில், இரவில், சக்கரங்களுக்குள் டிஸ்குகள் கொல்லன் உலைக் கம்பி மாதிரி சிவந்து ஒளிர்வது இதனால்தான்.

ஆக, "உழைக்கும்" டிஸ்க் எது என்ற கேள்வியே வெப்பத்தைப் பற்றிய கேள்விதான்.

முதல் தேர்வு, இரும்பா செராமிக்கா என்பது. 2001-ல் 911 ஜிடி2 காரில் போர்ஷே செராமிக் டிஸ்கைக் கொண்டுவந்தது. கார்பன் இழைகளும் சிலிக்கன் கார்பைடும் கலந்த பொருள். இரும்பு டிஸ்கில் ஏறத்தாழ பாதி எடைதான். துருப்பிடிக்காது. சாலையில் மட்டும் ஓடும் காரில் மிக நீண்ட காலம் வரும். விலைதான் இரும்பைப் போலப் பல மடங்கு. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே அங்குசமே யானை விலை!

டிராக்கில் செராமிக்கின் கதை வேறு. மிக அதிகச் சூட்டில் அதிலுள்ள கார்பன் காற்றோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகிறது. டிஸ்கின் தடிமன் பெரிதாகக் குறையாது, எடை குறையும். அதனால்தான் செராமிக் டிஸ்குகளில் குறைந்தபட்ச எடையைப் பொறித்திருப்பார்கள். கழற்றித் தராசில் வைக்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள கருவியால் அளக்க வேண்டும். சக்கரம் மாற்றும்போது விளிம்பில் இடித்துச் சில்லு பெயர்ந்தாலும் சிக்கல். செராமிக்கோடு கார் வாங்கிய பலர் அதைக் கழற்றிப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு, டிராக்குக்கு இரும்பு டிஸ்க் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

வார்ப்பிரும்பு பழைய சரக்கு. ஆனால் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதிர்வை விழுங்கும், விலை தாங்கும். உள்ளே இருக்கும் கிராஃபைட் செதில்கள்தான் காரணம். டிராக்குக்கு வாங்கும்போது கார்பன் கூடுதலாக உள்ள வார்ப்பிரும்பைத் தேடுவது நல்லது.

அடுத்தது துளைகள். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. அந்தக் காலத்துப் பேடுகள் சூட்டில் வாயு விடும், அது வெளியேறத் துளை உதவியது. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. மழையில் தண்ணீரை விலக்கத் துளை இன்னும் உதவும். ஆனால் சூடேறி ஆறி, சூடேறி ஆறி வரும் இரும்பில் ஒவ்வொரு துளையின் ஓரமும் விரிசலுக்குப் பிள்ளையார் சுழி. துளைக்குப் பதிலாக மேற்பரப்பில் கீறிய பள்ளங்கள் மட்டும் உள்ள டிஸ்க் அவ்வளவு சீக்கிரம் விரியாது. பேடைக் கொஞ்சம் அதிகம் தின்னும், சத்தமும் போடும், அவ்வளவுதான்.

இதற்குப் போர்ஷேவின் காரே சாட்சி. சாலையில் ஓடும் 992 ஜிடி3-யின் முன்டிஸ்க் 408 மி.மீ. விட்டம், துளை போட்டது. அதே காரிலிருந்து 2021-ல் பந்தயத்துக்கென்று செய்த ஜிடி3 கப் காரில் 380 மி.மீ. இரும்பு டிஸ்க், பள்ளம் மட்டும். செராமிக்கும் இல்லை, துளையும் இல்லை.

மூன்றாவது, உள்ளமைப்பு. நல்ல டிராக் டிஸ்க் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் அலுமினியத் தொப்பி, வெளியே இரும்பு வளையம். இரண்டையும் இணைக்கும் முளைகளில் துளி இடைவெளி விட்டிருப்பதால் வளையம் சூட்டில் விரியும்போது கூம்பு மாதிரி வளையாது. வளையம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், தொப்பி திரும்ப உதவும். வளையத்தின் உள்ளே காற்று போகும் வளைந்த தடுப்புகள் இருக்கும். டிஸ்க் சுற்றும்போது இவை விசிறி மாதிரி காற்றை நடுவிலிருந்து வெளியே தள்ளும். அதனால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். மேலே உள்ள பள்ளத்தைப் பார்த்து மாட்டினால் ஏமாறலாம். சுற்றும் திசைக்குப் பின்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டியவை உள்ளே உள்ள தடுப்புகள்.

எல்லாம் சரியாக வாங்கினாலும் பாதி ஆயுள் ஓட்டுநர் காலில் இருக்கிறது. புது டிஸ்கையும் பேடையும் மிதமான பிரேக்குகளில் ஆரம்பித்துப் படிப்படியாகச் சூடேற்றிப் பழக்க வேண்டும். அப்போதுதான் பேடின் மெல்லிய படலம் டிஸ்கில் சீராகப் படியும். "டிஸ்க் கோணிவிட்டது, ஸ்டியரிங் உதறுகிறது" என்று வருபவர்களில் பலருக்கு டிஸ்க் கோணியிருக்காது, படலம்தான் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். கார் நின்றதும் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தால் பேட் தொட்ட இடத்தில் மட்டும் திட்டு விழும்.

இவ்வளவு செய்தும் டிஸ்க் ஒரு நாள் சாகும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். டிராக் காரில் பெரும்பாலும் அதற்கு முன்பே விரிசல் வந்துவிடும். முடியிழை மாதிரி மேலோட்டமான கோடுகள் சகஜம். நகம் மாட்டினாலோ, இரண்டு துளைகளை இணைத்தாலோ, வெளி விளிம்பைத் தொட்டாலோ அந்த டிஸ்க் முடிந்தது. அப்படியே விட்டால் வளையம் பிளக்கும். பிளப்பது நிறுத்துமிடத்தில் அல்ல, அதிக வேகத்தில் பிரேக்கை மிதிக்கும் அந்த நொடியில்.

இங்கேதான் விலை உயிரோடு விளையாடுகிறது. பெரும் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கில் விரிசலைப் பார்ப்பவர், "இன்னும் ஒரு நாள் தாங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். விலை தாங்கக்கூடிய வளையத்தைப் போட்டவர் ஸ்பானரை எடுப்பார். ஆகவே, டிஸ்க் வாங்கும் முன் கடைக்காரரிடம் எத்தனை நாள் வரும் என்று கேட்பதோடு, தன்னிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: விரிசல் விழுந்த அன்றைக்கே இதைத் தூக்கிப் போட மனசும் பையும் இடம் கொடுக்குமா? கொடுக்கும் என்றால் அதை வாங்கலாம்.