கண்ணை மட்டும் விட்டுடுங்க!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மருதாணி அரைத்து என் பெண்ணுக்கு வைத்துக்கொண்டிருந்தேன். இடது கையைப் பிடித்ததும், "ஸ்ஸ்..." என்று இழுத்துக்கொண்டாள்.

வயலின் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இடது கை விரல் நுனி காய்த்துப்போவது சகஜம்தான். தந்தியை அழுத்தி அழுத்தி வருவது அது. இவளுக்கோ நுனியில் இல்லை. விரல்களின் மேல்புறத்தில், குறுக்காக ஒரே கோடாகக் கன்றிப்போயிருந்தது.

"என்னடி இது?"

கதவில் நசுங்கிவிட்டது என்றாள். துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. பைரவி வர்ணம் பாடம் நடக்கிறதாம். அந்த ராகத்தில் ஏறும்போது சதுச்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். இவளுக்கு இறங்கும்போது விரல் தவறிவிடுகிறது. தவறினால் வில்லாலேயே ஒரு அடி. மற்றப் பிள்ளைகள் முன்னால், "நீயெல்லாம் வயலின் தொடலாமா? போய்ப் பாத்திரம் தேய்" என்று திட்டு வேறு.

"எத்தனை நாளா நடக்குது?"

"ஆறு மாசமா."

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?"

"நீதானேம்மா சேர்த்துவிட்ட அன்னிக்கு, 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க'ன்னு அவர்கிட்ட சொன்னே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பா என் வாத்தியாரிடம் சொன்ன வார்த்தை. நானும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். பன்னிரண்டு வயசுப் பெண் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்!

"மார்கழியில மேடை ஏத்தறேன்னு சொல்லியிருக்கார். நீ போய்க் கேட்டா ஏத்த மாட்டார்" என்று அழுதாள். பயத்தால் மட்டுமல்ல, ஆசையாலும் அடியை மறைத்திருக்கிறாள்.

மறுநாள் நானும் இவரும் போனோம். "என் குரு என்னை இதைவிட அடிச்சார். அதனாலதான் நான் வித்வான்" என்றார் வாத்தியார். வாதாடவில்லை. வயலினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

பத்து நாள் என் பெண் என்னோடு பேசவில்லை. மார்கழியில் கூடப் படித்த பிள்ளை மேடையேறியபோது, செய்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பொங்கல் கழித்து, பக்கத்துத் தெருவில் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாமியிடம் அழைத்துப் போனேன். இவள் முதலில் கேட்ட கேள்வி: "தப்பா வாசிச்சா என்ன பண்ணுவீங்க மாமி?"

"பாடிக் காட்டுவேன். நீ திருப்பி வாசிப்பே. வேறென்ன?"

அந்தத் தைவதம் சரியாக விழ மூன்று மாதம் ஆயிற்று. மேடை இன்னும் ஏறவில்லை. ஆனால் காலையில் யாரும் சொல்லாமலே பெட்டியைத் திறக்கிறாள்.

சகோதரிகளே, பாட்டோ நடனமோ, வகுப்பில் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். 'அம்மா உட்காரக் கூடாது' என்றால் யோசியுங்கள். தலை பின்னும்போது கை காலையும் கவனியுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதை வீட்டில் எழுதி வையுங்கள். முக்கியமாக, அந்தக் 'கண்ணை மட்டும்' பேச்சை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.