முந்திரிக் காட்டுத் தடம்

காடாம்புலியூர் என்னும் பெயரில் காடும் உண்டு, புலியும் உண்டு. தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று ஒரு பெயர். கடலூரை ஒட்டித் திருப்பாதிரிப்புலியூர். அந்த வரிசையில் இவ்வூரையும் சேர்த்து எண்ணிக்கொள்வது என் வழக்கம். புலியை நான் கண்டதில்லை. காட்டைக் கண்டிருக்கிறேன். அது முந்திரிக் காடு.

சென்ற சித்திரையில் ஒரு மாலை, பண்ருட்டியிலிருந்து நெய்வேலி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் லாரிகள் அசையாமல் நின்றுவிட்டன. எனக்கோ காத்திருக்க இயலாத நிலை. அலிஃபும் பேயும் எனக்குச் சொல்லித் தந்த மக்தப் உஸ்தாத், தொண்ணூறை நெருங்கியவர், முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே மகன் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று செய்தி வந்திருந்தது. அவரிடம் நான் சொல்லவேண்டிய ஒரு சொல், முப்பதாண்டுகளுக்கு மேலாக என்னிடமே தங்கிக் கிடந்தது.

வண்டியை இடப்புறம் இறக்கினேன். இளமையில் மிதிவண்டியில் பலமுறை சென்ற தடம். கண்ணை மூடிக்கொண்டே போகலாம் என்று மனைவியிடம் சொன்னேன். “கண்ணைத் திறந்தே ஓட்டுங்க” என்றாள்.

கால் மைலில் தார் முடிந்தது. பின்னர் டிராக்டர் சக்கரங்கள் அழுத்திய இரண்டு செம்மண் பள்ளங்கள். அவற்றினிடையே முழங்காலுயரப் புல். அந்தப் புல் வண்டியின் அடிவயிற்றைத் துடைத்தபடியே உடன் வந்தது. முந்திரி, பனையைப்போல் நிமிர்ந்து நிற்கும் மரமன்று. தரையைத் தொட்டுப் படரும் கிளைகளை உடையது. இருபுறத்துக் கிளைகளும் தடத்தின் மேல் கைகோத்து நிற்க, இலைகள் கண்ணாடியில் அறைந்தன. பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டேன். உதிர்ந்த பழங்களின் புளித்த மணம் உள்ளே நிறைந்தது.

பழந்தமிழில் இத்தகைய வழிக்கு அதர் என்று பெயர். பொருள் தேடிப் பிரியும் தலைவன் செல்லும் அதரை எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்கு விளக்கியிருக்கிறேன். எதிரே பலாப்பழம் ஏற்றிய டிராக்டர் வந்தால், இருநூறு அடி பின்னோக்கி வண்டியைச் செலுத்த நேரும் என்று எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை.

நான் அடையாளம் வைத்திருந்த பலா மரத்தையும் காணோம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், இப்பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட மரங்கள் ஒரே விடியலில் விழுந்தன. விழுந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு வண்டிகள் போயின. மரத்தை அறுத்து அகற்றிய பின்னும் பாதை அந்த வளைவிலேயே தங்கிவிட்டது. பழைய கொல்லைகளில் பின்னர் ஒட்டுக்கன்றுகளை நட்டார்கள். அவையும் இப்போது தோப்பாகி நிற்கின்றன. நான் மனத்தில் வைத்திருந்த வரைபடம் புயலுக்கு முந்தியது. கைப்பேசியில் வழிசொல்லும் அம்மணியோ, கிளைகளைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் இடப்புறம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மரத்தடியில் ஒரு மூதாட்டி, பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல்கள் கறுத்திருந்தன. “இது கொல்லைக்குப் போற தடம் பாய், ஊருக்குப் போவாது” என்றவர், மரங்களின் இடைவெளியில் தொலைவில் தெரிந்த நெய்வேலி அனல்மின் நிலையத்தைக் காட்டினார். “அந்தப் பொகைக்கூண்டு சோத்துக்கைப் பக்கமா வர்ற மாதிரியே போங்க.” கப்பலோட்டிக்கு விண்மீன், எனக்குப் பழுப்பு நிலக்கரிப் புகை. மஃரிபுக்கு நேரமாகவே அங்கேயே துண்டை விரித்துத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம்.

அந்தச் சொல் எது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மதரஸாவில் ஸனது பெற்று ஊர் திரும்பிய புதிதில், பள்ளிவாசல் முற்றத்தில் உஸ்தாத் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ளாத் எழுத்தை நம் முன்னோர் வழக்கப்படி ளகரமாகவே ஒலித்தார். “அது ளகரமன்று, தவறாகச் சொல்லித் தருகிறீர்கள்” என்று பிள்ளைகள் முன்னிலையில் திருத்தினேன். அவர் சினக்கவில்லை. “நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லிக் கொடுங்க” என்று எழுந்தார். மறுவாரம் முதல் மக்தபுக்கு வரவில்லை. கொல்லை வேலைக்குப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, அரபு இலக்கணப் பேராசான் ஸீபவைஹி ளாத் பிறக்கும் இடத்தை விவரிப்பதைக் கருத்தூன்றிப் படித்தேன். நாவின் ஓரமும் அதனை அடுத்த கடைவாய்ப் பற்களும் என்கிறார். இன்று அரபு நாடுகளில் பெரும்பாலும் கேட்கும் ஒலி அதுவன்று. ளகரமே ளாத் என்று நான் சாதிக்க வரவில்லை; ளகரத்தில் நாநுனி வளைகிறது. ஆயினும், நாவின் ஓரத்தால் காற்றை விடும் இனத்தைச் சேர்ந்தது அது. ரமளான் என்றும் பர்ளு என்றும் எழுதிய முன்னோரின் செவி, நான் எள்ளிய அளவுக்கு மழுங்கியதன்று. படித்த அன்று இரவு எனக்கு உறக்கமில்லை. ஆனாலும் அவரைத் தேடிப் போகவில்லை. வெட்கம் என்பதா, சோம்பல் என்பதா?

நாங்கள் சென்றபோது உஸ்தாத் கயிற்றுக் கட்டிலில் விழித்தபடி கிடந்தார். “ஹஜ்ரத், வாங்க” என்றார். அந்த அழைப்பே தைத்தது. கட்டிலருகே அமர்ந்து மெல்லச் சொன்னேன். செவியருகே கையைக் குவித்தார். காது மந்தமாம். வீட்டார் அனைவரும் கேட்கும்படி உரக்கச் சொல்ல நேர்ந்தது. அன்று முற்றத்திலும் உரக்கத்தான் சொன்னேன்.

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. “ஓதுங்க” என்றார். ஃபாத்திஹா ஓதினேன். இறுதிச் சொல்லுக்கு வந்தபோது என் நா ஒரு கணம் தயங்கியது. அவருடைய உதடுகள் தயங்காமல் அசைந்துகொண்டிருந்தன.

இஷாவுக்குப் பின் விடைபெற்றோம். “எந்த வழியா வந்தாங்க?” என்று மகனிடம் கேட்டறிந்தவர், “இருட்டுல அந்தப் பக்கம் விடாதே” என்று பேரனை எழுப்பி அனுப்பினார். அந்தப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் முன்னே சென்றான். கிளைகளுக்கிடையே மறைந்தும் தெரிந்தும் சென்ற அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே நெடுஞ்சாலை வரை வந்து சேர்ந்தேன்.