மூளையின் மதிலும் மருந்தின் வழியும்

“மருந்து இரத்தத்தில் ஏறினால் உடம்பெல்லாம் போகாதா, சாமி? முதுகில் எதற்கு ஊசி?” என்று அரியூரில் ஒரு தாய் நம்மிடம் வினவினார். அவருடைய மகனுக்கு இரத்தப் புற்றுநோய். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது என்று அண்டை அயலார் கூறக் கேட்டு, கையொப்பமிடாமல் வீடு திரும்பியிருந்தார்.

கேள்வி எளியதன்று. 1885-இல் பவுல் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார். உறுப்புகள் எல்லாம் நிறம் ஏற, மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. 1913-இல் கோல்ட்மன் என்பவர் மூளையைச் சூழ்ந்த நீரிலேயே சாயத்தைச் செலுத்த, மூளை நிறமேறிற்று. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் இடைவெளியின்றி நெருங்கி நின்று, நஞ்சைத் தடுப்பதுபோலவே பெரும்பாலான மருந்துகளையும் தடுத்துவிடுகிறது. அம்மதிலின் மறைவில் புற்றணுக்கள் பதுங்கக்கூடும். ஆதலால்தான் மெத்தோடிரெக்சேட் போன்ற மருந்தை முதுகின் வழியே அந்நீரில் கலக்கின்றனர். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. கால் விளங்காமற் போகும் என்ற அச்சத்திற்குப் பெரிதும் இடமில்லை. இவ்வளவும் கேட்ட அத்தாய் மறுவாரமே மகனை அழைத்துச் சென்றார்.

அடிக்கடி மருந்து செலுத்த வேண்டியவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. பிரிவினைக்கு முன்னைய பஞ்சாபில் பிறந்த அயூப் ஒம்மாயா என்னும் அறுவை மருத்துவர் 1963-இல் அதனை வகுத்தார். தலைத்தோலின் அடியில் சிறு குமிழ் ஒன்றை வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாயை மூளையின் நீரறைக்குள் விடுவர். குமிழில் ஊசி குத்தினால் போதும். கிருமி புகுந்துவிடாதபடி காப்பதே இதில் பெரும்பாடு.

மூளைக்குள்ளேயே எழும் கொடிய கட்டிக்கு இந்நீர்வழி போதாது. கட்டியை அகற்றிய குழியில், கார்முஸ்டின் மருந்து தோய்ந்த வில்லைகளை எட்டு வரை பதிக்கும் முறைக்கு அமெரிக்க அரசு 1996-இல் இசைவளித்தது. வில்லை கரையக் கரைய மருந்து கசியும். ஆனால் குழியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தொலைவே எட்டும். 2003-இல் வெளியான 240 நோயாளரைக் கொண்ட ஆய்வில், வில்லை பெறாதோர் வாழ்ந்த இடைக்காலம் 11.6 மாதம்; பெற்றோருக்கு 13.9 மாதம். அந்த இரண்டு மாதத்தை அற்பம் என்று நாம் சொல்லமாட்டோம். மகளின் திருமணத்தைக் காணக் காத்திருக்கும் தகப்பனுக்கு அதுவே பெரிது. எனினும் இருக்கும் ஒரே காணி நன்செயை விற்று இத்தகைய மருந்தைத் தேட நினைக்கும் வீட்டார், “இதனால் எத்தனை மாதம், ஐயா?” என்று மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகே பத்திரத்தை வெளியே எடுக்கட்டும்.