ஊசலும் நானும்

என் மேசையின் இழுப்பறையில் பழைய செய்முறைக் குறிப்பேடு ஒன்று கிடக்கிறது. அதன் தாள்கள் பழுத்துவிட்டன. ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன. வீட்டில் உள்ளவர்கள் அதைக் கழித்துவிடலாம் என்று பலமுறை சொன்னதுண்டு. நான் இசையவில்லை. அதன் ஏழாம் பக்கத்தில் 40.12 என்னும் எண் ஒன்று இருக்கிறது. அதனைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் இடப்பட்டிருக்கிறது. அந்த எண் பொய்யானது. அதை எழுதியவன் நானே.

நான் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் எங்கள் ஆய்வகம் ஓடு வேய்ந்த ஒரு நீண்ட அறையாக இருந்தது. கருவிகள் மிகுதியாக இல்லை. இருந்தவற்றை எங்கள் அறிவியல் ஆசிரியர் தம் கையாலேயே துடைத்து வைப்பார். ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் எங்களைக் கடிந்துகொள்ள மாட்டார், உடைந்த துண்டுகளைப் பொறுக்கியவாறு, “எப்படி உடைந்தது?” என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் கடிந்துகொள்ளப்படுவதைவிடக் கடினமாக இருக்கும்.

ஒரு நாள் எங்களுக்குத் தனி ஊசல் ஆய்வு தரப்பட்டது. மாணவர்களே, நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள். அல்லது விரைவில் செய்வீர்கள். பிளந்த தக்கையின் இடையே ஒரு நூலைச் செருகித் தாங்கியில் பொருத்த வேண்டும். நூலின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு தொங்கும். அதைச் சற்றே ஒரு பக்கம் இழுத்து விட்டால் அது முன்னும் பின்னுமாக அலையும். ஒரு முறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு. இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்து கடிகாரத்தால் அளந்து, இருபதால் வகுத்தால் ஓர் அலைவின் நேரம் கிடைக்கும். ஊசலின் நீளத்தை 39.48 ஆல் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் வெளிப்படும். அதாவது, தடையின்றி விழும் ஒரு பொருளின் வேகம் வினாடிதோறும் எவ்வளவு கூடுகிறது என்பதை, விழாமல் தொங்கும் ஒரு குண்டு நமக்குச் சொல்லிவிடும். இஃது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

இருவருக்கு ஓர் ஊசல் என்று ஆசிரியர் பிரித்துக் கொடுத்தார். எனக்குத் துணையாக வாய்த்தவன் அதிகம் பேசாதவன். அவன் எண்ணுவான், நான் கடிகாரத்தை இயக்குவேன். எண்ணுவதிலும் ஒரு திறமை வேண்டும். குண்டு நடுக்கோட்டைக் கடக்கும் அந்தக் கணத்தில் கடிகாரத்தைத் தொடங்கிச் ‘சுழியம்’ என்று சொல்ல வேண்டும். ‘ஒன்று’ என்று தொடங்கிவிட்டால், இருபது என்று முடிக்கும்போது பத்தொன்பது அலைவுகளே ஆகியிருக்கும். பலர் அதில் தவறினார்கள். என் தோழன் தவறவில்லை. நூலின் நீளத்தைச் சரியாக 100 சென்டிமீட்டர் என்று அளந்து வைத்திருந்தோம். இருமுறை அளந்தோம். இருமுறையும் இருபது அலைவுகளுக்கு 40.4 வினாடி ஆயிற்று. கணக்கிட்டோம்; 968 என்று விடை வந்தது.

எங்கள் பாடநூலிலோ 981 என்று அச்சிடப்பட்டிருந்தது. முந்திய ஆண்டு மாணவர்களின் குறிப்பேடுகள் கைம்மாறிக் கைம்மாறி எங்களிடம் வந்திருந்தன. அவற்றிலும் 981 என்றே இருந்தது. சுற்றியிருந்த மேசைகளிலிருந்து ‘981’, ‘980.5’ என்னும் குரல்கள் எழுந்தன. எங்கள் 968 எனக்கு அவமானமாகத் தோன்றியது.

அன்று மாலை வீட்டில் அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்தேன். மடக்கை அட்டவணையை எடுத்தேன். 981 என்னும் விடையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டேன். அவ்விடை வருவதற்கு இருபது அலைவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும்? 40.12 வினாடி. அதையே எழுதினேன். உண்மையில், ஆய்வை இன்னொரு முறை செய்வதைவிட அந்தப் பின்னோக்கிய கணக்கு எனக்கு மிகுந்த உழைப்பாக இருந்தது. பொய்க்கு உழைத்த அளவு நான் அந்த ஆண்டில் வேறு எதற்கும் உழைக்கவில்லை.

மறுநாள் என் தோழனிடம் என் ஏட்டைக் காட்டினேன். “நீயும் இவ்வாறே எழுது, இருவருக்கும் ஒரே ஊசல்தானே?” என்றேன். அவன் சிறிது நேரம் பார்த்தான். “கடிகாரம் 40.4 என்றுதானே காட்டியது?” என்று கேட்டான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தன் ஏட்டில் 40.4 என்றும், 968 என்றும் எழுதி வைத்தான்.

ஆசிரியர் ஏடுகளைத் திருத்திக்கொண்டு வந்த நாளில் முதலில் அவனுடைய ஏட்டைத்தான் எடுத்தார். “968” என்று படித்தார். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆசிரியர் சிரிப்பு அடங்கும் வரையில் காத்திருந்தார். பிறகு என்னை அருகில் அழைத்து, நிறுத்து கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

“தம்பி, இதன் முகப்பில் ஒரு வினாடி எத்தனை பிரிவாகப் பிரிக்கப்பட்டுள்ளது?”

“ஐந்து பிரிவு, ஐயா.”

“முள் இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்குமா?”

இயக்கி நிறுத்திப் பார்த்தேன். முள் கோட்டுக்குக் கோடு தாவியே சென்றது. எப்போது நிறுத்தினாலும் ஒரு கோட்டின்மீதே நின்றது. 40 காட்டும், 40.2 காட்டும், 40.4 காட்டும். இடைப்பட்ட எதையும் காட்ட அதனால் இயலாது.

“அப்படியானால் 40.12 என்பதை நீ எங்கே கண்டாய்?”

நான் தலை குனிந்தேன். அவர் என்னை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பை நோக்கித் திரும்பினார். கரும்பலகையில் ஒரு சிறு கணக்கை எழுதினார். 100 சென்டிமீட்டர் ஊசலுக்கு 40.2 வினாடி என்றால் விடை 977, 40.4 என்றால் 968. ஒரே ஒரு கோடு பிசகினால் விடையில் ஏறத்தாழப் பத்து மாறுகிறது. கடிகாரத்தை இயக்கும் விரலோ ஒரு கோட்டளவேனும் பிந்தவோ முந்தவோ செய்யும். “ஆகவே, இந்தக் கருவிகளைக் கொண்டு நேர்மையாக அளந்தால் உங்கள் விடைகள் 970-க்கும் 990-க்கும் இடையே சிதறிக் கிடக்க வேண்டும். வகுப்பு முழுவதும் 981-இல் வந்து குவிந்திருக்கிறது. இவ்வளவு ஒற்றுமையைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, அச்சம் வந்தது” என்றார்.

இப்போது எவரும் சிரிக்கவில்லை.

பிறகு அவர் என் தோழனின் ஊசலை எடுத்து மேசைமீது நிறுத்தினார். “968 என்பது சற்றுக் குறைவுதான். ஏன் குறைந்தது என்று தேடுவோம். இவன் கண்டதைக் கண்டபடி எழுதியிருப்பதால் தேட முடிகிறது. மற்றவர்களுடையதில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை” என்றார். எண்ணியது சரியா என்று பார்த்தார், சரி. குண்டை மிகுதியாக இழுத்து விட்டோமா என்று கேட்டார், இல்லை. நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தோம் என்று கேட்டார். தக்கையின் கீழ் விளிம்பிலிருந்து குண்டின் மேற்பக்கம் வரையில் அளந்ததாகத் தோழன் சொன்னான். அங்கேதான் குறை இருந்தது. ஊசலின் நீளம் குண்டின் நடுப்புள்ளி வரையில் கொள்ளப்பட வேண்டும். வெர்னியர் அளவியால் குண்டின் விட்டத்தை அளந்தோம், 2.4 சென்டிமீட்டர். அதில் பாதி 1.2. ஆகவே ஊசலின் உண்மையான நீளம் 101.2 சென்டிமீட்டர். அதே 40.4 வினாடியைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டோம். விடை 979. தோழன் தன் பழைய விடையை அழிக்கவில்லை. அதன்மேல் ஒற்றைக் கோடிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினான். பழையது படிக்கும்படியே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியரின் விதி.

“979 என்பதும் 981 இல்லையே, ஐயா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். ஆசிரியர் அந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் போலும். கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதையைத் தொடங்கினார்.

1672-ஆம் ஆண்டில் ழான் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் பாரிசு அறிவியற் கழகத்தின் பணியாகத் தென்னமெரிக்காவிலுள்ள கயேனில் தங்கியிருந்தார். கயேன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து பாகையில் உள்ள ஊர். செவ்வாய்க் கோளை நோக்குவதே அவர் சென்றதன் முதன்மையான நோக்கம். ஆனால் பாரிசில் ஒழுங்காக ஓடிய ஊசற் கடிகாரம் கயேனில் நாள்தோறும் இரண்டு நிமிடத்துக்கும் மேலாகப் பின்தங்கியது. அதைச் சரிசெய்ய அவர் ஊசலை ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் குறைக்க நேர்ந்தது. கடற்பயணத்தில் கடிகாரம் கெட்டுவிட்டது என்று அவர் விட்டுவிட்டிருக்கலாம். பாரிசில் பெற்ற அளவையே தம் ஏட்டில் எழுதியும் இருக்கலாம். எவர் கடல் கடந்து வந்து சரிபார்க்கப் போகிறார்? அவரோ பத்துத் திங்கள் வாரந்தோறும் அதே ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்து, கண்டதையே எழுதினார்.

அந்தச் சிறு வேறுபாட்டின் பொருளை 1687-இல் நியூட்டன் தம் நூலில் விளக்கினார். புவி தன்னைத்தானே சுற்றுவதால் நடுப்பகுதியில் புடைத்தும் துருவங்களில் தட்டையாகியும் இருக்கிறது. நிலநடுக்கோட்டருகே நிற்பவர் புவியின் மையத்திலிருந்து சற்று அதிகத் தொலைவில் நிற்கிறார். சுழற்சியும் அவருடைய எடையைச் சிறிது குறைக்கிறது. ஆகவே அங்கே ஈர்ப்பு குறைவு. ஊசல் மெதுவாக அலைகிறது. வெப்ப நாட்டில் ஊசலின் தண்டு நீண்டுவிட்டதோ என்னும் ஐயத்தையும் நியூட்டன் எண்ணிப் பார்த்தார். வெப்பம் மட்டுமே இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணமாகாது என்று கண்டார். புவியின் மையத்திலிருந்து நிலநடுக்கோடு 6,378 கிலோமீட்டர் தொலைவிலும், துருவம் 6,357 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன என்பதை இன்று நாம் அறிவோம். உலகத்தின் வடிவத்தைப் பற்றிய ஒரு பெருஞ்செய்தி, பிந்திய ஒரு கடிகாரத்துக்குள் ஒளிந்திருந்தது!

“நம் சென்னையிலும் இதை அளந்திருக்கிறார்கள்” என்றார் ஆசிரியர். சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் 1821-இல் ஊசலைக் கொண்டு அளந்தார். ஒரு வினாடிக்கு ஒரு வீச்சு வீசும் ஊசல் லண்டனில் ஏறத்தாழ 39.14 அங்குலம் இருக்க வேண்டும். சென்னையில் ஏறத்தாழ 39.03 அங்குலமே போதும் என்று அவர் கண்டார். அந்த நீளத்தை முடுக்கமாக மாற்றினால் 978-க்குச் சற்று மேலாக வரும். 981 என்பது பாரிசு, லண்டன் முதலிய ஊர்களுக்குப் பொருந்தும் எண். பாடநூல் பொய் சொல்லவில்லை. அது வேறோர் ஊரைப் பற்றிச் சொன்னது. நாங்களோ எங்கள் மண்ணை அளக்கச் சொன்னால், அளக்காமல் அயலூரின் எண்ணை எழுதி வைத்திருந்தோம். எனக்கு நேர்ந்த வெட்கத்தில் இதுவே மிகப் பெரியது. திருடியதுதான் திருடினேன், என் ஊருக்கு உதவாத பொருளையா திருட வேண்டும்!

அடுத்த வாரம் அனைவரும் மீண்டும் செய்தோம். பிழையைக் குறைப்பதற்கு ஆசிரியர் ஒரு வழி கூறினார். விரல் பிந்துவதும் முந்துவதும் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே நேர்வன. அலைவுகள் இருபதாயினும் நூறாயினும் அந்தப் பிழை ஏறத்தாழ ஒரே அளவுதான். நூறு அலைவுகளில் அது பங்கிடப்பட்டால், ஓர் அலைவுக்கு வரும் பங்கு ஐந்தில் ஒன்றாகிவிடும். பொறுமை ஒன்றே விலை.

இம்முறை தோழன் கடிகாரத்தை எடுத்துக்கொண்டான், நான் எண்ணினேன். 101.2 சென்டிமீட்டர் நீளமுள்ள அதே ஊசல். முதல் முறை 202.2 வினாடி. இரண்டாம் முறை 202.0. மூன்றாம் முறை கடிகாரத்தை என்னிடம் நீட்டினான். 3 நிமிடம் 22 வினாடி, அதற்குமேல் இரண்டு கோடு, 202.4.

எனக்கு அப்போது கணக்கு விரைவாக வந்தது. முதல் இரண்டை மட்டும் கொண்டால் சராசரி 202.1, விடை 978. கோல்டிங்காமின் எண்ணேதான்! மூன்றாவதையும் சேர்த்தால் சராசரி 202.2 ஆகும், விடை 977 ஆகிவிடும். மூன்றாம் முறை நான் எண்ணும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். அந்தச் சாக்கைச் சொல்லி அதை விட்டுவிடலாம். ஆனால் தட்டியது அறுபதாவது அலைவின்போது. என் எண்ணிக்கை கலையவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தோழன் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, “என்ன எழுதட்டும்?” என்று கேட்டான்.

“202.4” என்றேன்.

இரண்டு ஏடுகளிலும் 977 என்று எழுதினோம். ஆசிரியர் அதன் பக்கத்தில், ‘இருபுறமும் இரண்டு வரை ஐயத்துக்கு இடமுண்டு’ என்று குறித்துக் கையொப்பமிட்டார். பிறகு ஏழாம் பக்கத்துக்குத் திருப்பி, 40.12-ஐச் சுற்றி வட்டமிட்டார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதித் தரவா என்று கேட்டேன். “வேண்டாம், அதுவும் இருக்கட்டும்” என்று சொல்லி ஏட்டை என்னிடம் கொடுத்தார்.