யாரும் கூப்பிடாத அணி

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டார் கடைசி வரை வாசியுங்கள், அலுவல் அங்கேதான் இருக்கிறது.

கொழும்பு, கண்டிப் பெரிய பாடசாலைகளில் ஆறேழு வயதிலேயே பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கி விடுகிறார்கள். தடாகமும் கோச்சும் பாடசாலைக்குள்ளேயே. அந்தப் பிள்ளைகள் கெம்பஸ் வரும்போது நீச்சல் அணியில் இடம் தயாராக இருக்கும். எங்களை யாரும் கூப்பிடவில்லை. பலகையில் காலை 5.30க்குப் பயிற்சி என்று ஒரு கடதாசி. சுபஹ் தொழுதுவிட்டு நாங்களாகப் போய் நின்றோம். மூன்று பேர்: ஓட்டமாவடி, கிண்ணியா, மருதமுனை.

மூன்று ஊருக்கும் தண்ணீர் பக்கத்தில்தான். ஆனால் 2004 டிசம்பர் 26இல் நாங்கள் சின்னப் பிள்ளைகள். அதன் பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தோம், இறங்கி வளரவில்லை. எங்களில் ஒருவனின் தங்கை அன்று போனவள்.

கிண்ணியாக்காரனுக்கு மட்டும் நீந்தத் தெரியும் என்று நம்பிக்கை. தலையைத் தூக்கி, நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நீந்துவான். கோச் சேர் சிரித்தார். "மல்லி, தலை மேலே போனால் கால் கீழே போகும்." அதுதான் முதல் பாடம். இரண்டாவது, மூச்சைத் தண்ணீருக்குள் விடுவது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டே நீந்தினோம். தலை வெளியே வந்ததும் விடவும் வேண்டும், எடுக்கவும் வேண்டும், இரண்டுக்கும் நேரம் காணாது. 25 மீற்றர் போகுமுன் சுவரைப் பிடித்தோம். பக்கத்து லேனில் பத்து வருடம் நீந்தியவர்கள் அலுங்காமல் போய் வந்தார்கள். மூன்று வாரம் பலகையைப் பிடித்துக் கால் அடித்ததுதான் எங்கள் நீச்சல்.

உடுப்பு ஒரு யோசனையாக இருந்தது. 2010 ஜனவரி முதல் போட்டியில் ஆண்களின் உடுப்பு தொப்புளுக்கு மேலும் போகக் கூடாது, முழங்காலுக்குக் கீழும் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. அவ்ரத் என்று மத்ரஸாவில் படித்த அதே இரண்டு எல்லைகள்! எங்களுக்குச் சரிவந்தது. ஆனால் அதே விதி பெண்களுக்குக் கழுத்தையும் தோளுக்கு அப்பாலும் மூட விடவில்லை. நீந்த ஆசைப்பட்ட எங்கள் பெட்ச் பிள்ளைகளுக்குப் போட்டிக் கதவு அப்படித்தான் மூடியது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

நோன்பில் தண்ணீர் தொண்டைக்குள் போய்விடுமோ என்று பயம். சேரிடம் சொன்னோம். அந்த மாதம் எங்களுக்குத் தரையில் உடற்பயிற்சி மட்டும், அஸருக்குப் பிறகு. சிங்களவர், நோன்பு திறக்கும் நேரத்தைக் கேட்டுத் தன் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

இரண்டாம் வருடம் மெட்லி அஞ்சலுக்கு மார்பு நீச்சல்காரர் ஒருவர் குறைந்தார். முதலில் மல்லாக்கு, அடுத்து மார்பு, பிறகு வண்ணத்துப்பூச்சி, கடைசியில் ஃப்ரீஸ்டைல். மார்பு நீச்சலில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரில் பட வேண்டும், இல்லாவிட்டால் முழு அணியும் வெளியே. சேர் மருதமுனைக்காரனைக் காட்டினார். வேகமில்லை, ஆனால் கை பிழைக்காது என்றார். ஆறாவதாக வந்தோம். கை பிழைக்கவில்லை.

அன்றிரவு அவன் வீட்டுக்கு எடுத்தான். அதுவரை உம்மாவுக்குத் தெரியாது, காலையில் லைப்ரரிக்குப் போகிறான் என்ற எண்ணம். சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு உம்மா கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு ஆழம், மகன்?"

இப்போது அலுவலுக்கு வருவோம். மூவரில் இருவர் ஆசிரியர்கள். எங்கள் பிள்ளைகள் பாடசாலை விட்டால் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறார்கள், தடுத்தாலும் போகிறார்கள். மாரிக் கடல் அடங்கியதும் சித்திரை மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் பாசிக்குடாவில் தரம் 8, 9 ஆண் பிள்ளைகளுக்குப் பழக்கப் போகிறோம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர் மட்டும். வாப்பாமார் இருவர் கரையில் நிற்க வேண்டும், கயிறும் டியூபும் எங்கள் பொறுப்பு. பெண் பிள்ளைகளுக்குப் பழக்க நீந்தத் தெரிந்த ஆசிரியை ஒருவரைத் தேடுகிறோம், தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் இல்லாத பிள்ளையை வேனில் ஏற்ற மாட்டோம்.

உம்மாமார் கேட்க முதலே சொல்லி விடுகிறோம்: இடுப்பளவு.