கார்டு வாங்கியாச்சு, அப்புறம்?

ஊரை விட்டு வந்தவர்களுக்கு நெருங்கிய சொந்தம்தான் சிபாரிசு என்று ஒரு நினைப்பு. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரை வேறு கதை சொல்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்கள் எப்போதாவது பார்த்தவர்கள். நெருங்கியவருக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிந்திருக்குமே!

ஆகவே மக்களே, கௌதள்ளியில் இருந்தாலும் கலிபோர்னியாவில் இருந்தாலும், தமிழ்ச் சங்க விழாவில் கிடைத்த கார்டின் பின்னால் எங்கே, எப்போது சந்தித்தோம் என்று குறித்து வையுங்கள். ஒரு வாரத்துக்குள் நாலு வரி மடல். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து. அவருக்கு உதவும் தகவல் கிடைத்தால் கேட்காமலே அனுப்புங்கள்.

இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத சேமிப்புக் கணக்கை வங்கியில் செயலற்றது என்போம். பழக்கமும் அப்படித்தான். ஆனால் விசாரித்தால் இரண்டுமே உயிர் பெறும்.